காது கொடுத்துக் கேட்டவன்

நான் வாயால் பிழைத்தவன். பூகோள ஆசிரியன். மலை, ஆறு, பாலைவனம், பருவக்காற்று என்று, திருப்பிப் பேசாத விஷயங்களைப் பற்றியே ஆயுளின் பெரும்பகுதியைப் பேசிக் கழித்தவன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஒலிபெருக்கி'. அதைப் பாராட்டு என்றே நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கடைசி வரிசைக்கு மட்டுமல்ல, பக்கத்து வகுப்புக்கும், அதற்கு மேல்மாடி வகுப்புக்கும் கேட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இளமையில் எனக்கு வானொலி அறிவிப்பாளர் ஆகவேண்டும் என்றுதான் ஆசை. நேர்முகத் தேர்வுக்கும் போனேன். குரல் பிரமாதம் என்றார்கள். கேட்ட கேள்விக்கும் நான் சொன்ன பதிலுக்கும்தான் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றார்கள். ரசனை கெட்ட மனிதர்கள் என்று அவர்களைத் திட்டிவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். அந்த வேலையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கேள்வியை நாம்தான் கேட்போம், பதிலும் நமக்கு முன்கூட்டியே தெரியும். யாரையும் கவனித்துக் கேட்கவேண்டிய அவசியமே வராது.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நோயாளிகளிடம் மெதுவாகப் பேசிப் பேசி அவள் குரலே மெதுவாகிவிட்டது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் எது சொன்னாலும் "ம்" என்பேன். முகம் மாறினால் "சரி, பார்க்கலாம்" என்பேன். அதற்கும் முகம் மாறினால் எழுந்து குளிக்கப் போய்விடுவேன். எங்கள் குடும்ப வாழ்க்கை இந்த மூன்று படிகளில் நல்லபடியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளி ஒரு பழைய மாடிக் கட்டடம். முன்வாசல் பெரிய சாலையைப் பார்த்து இருக்கும். பின்வாசலைத் திறந்தால் மீன் சந்தைக்குப் போகிற சந்து. சந்தின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருப்புகள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருவார்கள். மாலை மணி அடித்ததும் காவலாளி இரண்டு வாசலையும் பூட்டிவிட்டு, தன் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் மறுநாள் காலைவரை அந்தக் கட்டடத்துக்குள் புறாக்களுக்கு மட்டும்தான் அனுமதி.

இந்த ஒழுங்கைக் கலைக்க ஒரு புதிய தலைமையாசிரியை வந்தார். ஒல்லியான அம்மாள். உருவத்துக்கு ஏற்ற மாதிரி குரலும் சின்னது. வந்த புதிதிலேயே ஆசிரியர் கூட்டம் போட்டார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்க, அவர் பேசினார்.

"நாலு மணிக்கு மேல இந்தக் கட்டடம் சும்மா பூட்டிக் கெடக்கு. தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு, அறை இருக்கு. சுத்தி இருக்கிற வீடுகள்ல இதுல எதுவுமே ஒழுங்கா இல்ல. பிள்ளைய மட்டும் உள்ள விட்டுட்டு, குடும்பத்த வெளியவே நிக்க வெச்சா, நாம பாதிப் பாடம்தான் நடத்துறோம்."

இதில் பாதிதான் என் காதில் விழுந்தது. எதிர்ப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்தேன். பள்ளிக்கூடம் என்பது பாடம் சொல்லித்தருகிற இடம் என்றேன். ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் நாளைக்குத் துணி துவைக்கவும் இங்கேதான் வருவார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. குடும்பம், சமூகம், கல்வி என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எந்தக் கட்சியில் ஆரம்பித்தேன் என்பதே மறந்துபோய், "குடும்பத்தை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் கல்வி தர முடியுமா?" என்று உருக்கமாக முடித்தேன்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "நீங்க பொறுமையா இருப்பீங்களா?" என்று என் காதில் விழுந்தது.

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? இத்தன வருஷமா அப்படித்தானே இருக்கேன்!" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். பொறுமைக்கு இவ்வளவு கைதட்டலா என்று எனக்கே ஆச்சரியம். வெளியே வந்த பிறகு கணக்கு வாத்தியார் என் தோளைத் தட்டி, "பெரிய மனசு சார் உங்களுக்கு. நாங்கள்லாம் வாயத் தொறக்கவே பயந்தோம்" என்றார். அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் கேட்டது "நீங்க பொறுப்பா இருப்பீங்களா?" என்று. மாலை நேரக் குடும்ப சேவைக்கு நான்தான் பொறுப்பாளர். பழியை மின்விசிறியின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பின்வாசலை ஒட்டி ஒரு நீளமான அறை கொடுத்தார்கள். உடைந்த நாற்காலிகளும், கொடிக்கம்பங்களும், கை போன ஒரு மனித எலும்புக்கூடும் அதில் குடியிருந்தன. ஒரு மூலையில் வாஷிங் மிஷின் ஒன்று நின்றது. விளையாட்டு அணியின் பனியன்களைத் துவைக்க யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. அணி தொடர்ந்து தோற்றதில் அதற்கும் வேலை குறைந்துபோயிருந்தது.

குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? எனக்குத்தான் தெரியுமே. அவர்களுக்கு வேண்டியது என் சொற்பொழிவு. 'பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் கடமை' என்று தலைப்பு வைத்து, தொடர் உரைக்கு ஏற்பாடு செய்தேன். வரிசையாக நாற்காலி போட்டு, எலும்புக்கூட்டுக்குத் துணி போர்த்தி, தண்ணீர் ஜாடியோடு காத்திருந்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். என் மனைவி, வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தியதால் வந்தாள். காவலாளி, நான் முடித்தால்தான் பூட்டமுடியும் என்பதால் வந்தார். மூன்றாவது ஆள் ஒரு பெண். சந்தையில் மீன் வெட்டுகிறவள். கையில் பை, தலையைச் சுற்றிக் கட்டிய துணி. அவள் மகள் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். யாரோடும் சேராமல் ஜன்னலோரத்தில் தனியாக உட்காரும் பெண். அவளுக்குத் தனிமை பிடிக்கும்போல என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மீன்காரம்மா நான் பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கருத்தை இப்படி உள்வாங்கும் ஒரு ஆத்மா கிடைத்துவிட்டதே என்று உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். தூக்கத்தில் விழுந்த தலை அது என்று மனைவி பிற்பாடு சொன்னாள். விடியுமுன் எழுந்து சந்தைக்குப் போகிறவள் அவள். மாலை நேரத்தில் நாற்காலியும் காற்றும் கிடைத்தால் யாருக்குத்தான் கண் சொருகாது?

முடிந்ததும் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கி என்னமோ கேட்டாள். "சார், இங்க தொடங்கலாமா?" என்று எனக்குக் கேட்டது.

என் பேச்சைக் கேட்டு ஒரு உயிர் புது வாழ்க்கையைத் தொடங்க நினைக்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது. "தாராளமா! இதுக்கெல்லாம் எங்கிட்ட அனுமதி கேக்கணுமா? நாளைக்கே தொடங்குங்க!" என்று முழங்கினேன்.

அவள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பின்வாசலில் அவள் நின்றாள். தோளில் ஒரு பெரிய மூட்டை. மூட்டைக்குள் மகளுடைய சீருடை, போர்வை, துண்டு, எல்லாம். அதிலிருந்து வந்த வாசனையைப் பற்றி நான் விவரிக்கவேண்டியதில்லை. புறாக்கள்கூட மாடிக்கு இடம் மாறின.

"என்னம்மா இது?" என்றேன்.

"நீங்கதான சார், நாளைக்கே தொவைங்கன்னு சொன்னீங்க?"

அப்போதுதான் உறைத்தது. தொடங்கலாமா இல்லை, தொவைக்கலாமா! ஆசிரியர் கூட்டத்தில் நான் கேலியாகச் சொன்ன அதே விஷயம் மூட்டையாக என் முன்னால் நிற்கிறது. 'தப்பாகக் கேட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லுவதைவிட ஊர்த் துணி முழுவதையும் துவைத்துவிடுவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

"ஆமா, சொன்னேன். வாங்க" என்றேன்.

மிஷின் ஓடும்போது அவள் பேசினாள். அவர்கள் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில் மட்டும்தான். அந்த நேரத்தில் அவள் சந்தையில் இருப்பாள். ஒரே அறை. மீன் வெட்டும்போது கட்டுகிற துணியும் அங்கேதான் தொங்கும், மகளின் சீருடையும் அங்கேதான் தொங்கும். "பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்களாம் சார். ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுறா" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், அதனால் எனக்குக் கேட்டது.

ஜன்னலோரத் தனிமைக்கு நான் கொடுத்திருந்த விளக்கத்தை நினைத்து அந்த மனித எலும்புக்கூட்டின் முகத்தைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறையை எட்டிப்பார்த்தார். கொடியில் காயும் போர்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இது யாரோட யோசனை?" என்றார்.

"என்னுதுதான் மேடம்" என்று வாய் தானாகச் சொன்னது. "குடும்பங்களோட தேவை என்னன்னு பேசிப்பார்த்ததுல..."

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், "நாமெல்லாம் திட்டம் போட்டோம். இவர் ஒருத்தர்தான் மக்கள் சொல்றதக் காது கொடுத்துக் கேட்டார்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் அடக்கமாகத் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டேன். அடக்கமாக இருப்பதிலும் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அதற்குப் பிறகு அறை தானாக நிறைந்தது. மீன்காரம்மா அடுத்த வீட்டுக்காரியை அழைத்து வந்தாள், அவள் தன் நாத்தனாரை. இரண்டாவது மிஷின் வாங்கினார்கள். துணி துவைத்து முடியும்வரை ஜனங்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அந்த நேரத்தைத் தலைமையாசிரியை வளைத்துப் பிடித்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு நாள் வேலைக்கு விண்ணப்பிக்க உதவ ஒருவர் வந்தார். நூலகத்தைத் திறந்துவைத்ததில், அம்மாக்கள் துவைக்கும்போது பிள்ளைகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதினார்கள். பள்ளிக்கே வராத அப்பாக்கள்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் பிள்ளையின் வகுப்பாசிரியரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். பெற்றோர் கூட்டம் என்று நாங்கள் தலைகீழாக நின்று கூப்பிட்டபோது வராதவர்கள் இவர்கள்.

ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரப் பெண்ணின் தோளில் இன்னொரு பெண் தலைசாய்த்து ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன்.

என் சொற்பொழிவை மட்டும் நான் விடவில்லை. எழுந்து போகமுடியாத கூட்டம் கையில் கிடைத்தால் எந்தப் பேச்சாளன் விடுவான்? மிஷின் சுற்றும்போது நானும் சுற்றுவேன். ஒரு டாக்ஸி டிரைவர், பொறுக்கமுடியாமல் என் மனைவியிடம் சொன்னாராம்: "சார் பேச்சு, மிஷின் தண்ணி பிழியிற நேரத்துல ரொம்ப நல்லா இருக்கும்மா." அந்த நேரத்தில் அது லாரி மாதிரி உறுமும். ஒரு வார்த்தை கேட்காது.

பிறகு அந்தக் காது முகாம் வந்தது.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காது சோதிக்க ஒரு இளம்பெண் வந்திருந்தாள். எங்கள் கட்டடத்திலேயே சத்தம் குறைந்த இடம் என்று என் வரைபட அறையைத் தேர்ந்தெடுத்தாள். பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். பெரியவர்கள் யாரும் அசையவில்லை. 'எங்க காதுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு' என்று ஆளுக்கு ஆள் நழுவினார்கள். எனக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் தலைமைப் பண்பு பொங்கும்.

"பாருங்க, இதுல பயப்பட என்ன இருக்கு? மொதல்ல நானே போறேன்!" என்று அறிவித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவிலிருந்த கண்ணாடி வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கையசைத்தேன்.

அந்தப் பெண் என் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்கவேண்டும். கொஞ்ச நேரம் 'ங்...' என்று கனமாகச் சில சத்தங்கள் வந்தன. சுறுசுறுப்பாக அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவள் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். புதுப் பெண், கருவி இன்னும் பழகவில்லை என்று நினைத்துப் பெருந்தன்மையாகக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"மீதியை எப்பம்மா ஆரம்பிப்ப?" என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "முடிஞ்சிருச்சு சார்."

கருவி பழுது என்றேன். அவள் இன்னொரு ஹெட்போன் மாட்டினாள். மின்சாரம் சரியில்லை என்றேன். அவள் பொறுமையாக நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், உங்களுக்குச் சத்தம் கேக்குது. சொல்லுதான் சரியா கேக்கல. ஒரு வார்த்தையில பாதிய காது கேக்குது, மீதிய நீங்களே போட்டு நிரப்பிக்கிறீங்க. நிறைய பேர் இப்படித்தான் சமாளிப்பாங்க. ஆனா நீங்க ரொம்ப வருஷமா சமாளிச்சிருக்கீங்க."

கோடிட்ட இடங்களை நிரப்புவது ஆசிரியனுக்குக் கைவந்த கலை. அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் அறையை விட்டு வெளியே வந்தேன். வெளியே யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

மனைவியை மருந்துக்கடையிலிருந்து வரச்சொல்லியிருந்தார்கள். அவள் வந்து சோதனை முடிவு எழுதிய காகிதத்தைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

என் பக்கத்தில் வந்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "உங்களுக்குக் காது கேக்காதது கொஞ்ச வருஷமாத்தாங்க. கவனிக்காதது கல்யாணத்துலேருந்து. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

பக்கத்தில் நின்றிருந்த தலைமையாசிரியை அவசரமாகத் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மீன்காரம்மா துவைத்த துணிகளை மடித்தபடி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்திப் பேசினாள். இப்போது யோசித்தால், அவள் என்னிடம் எப்போதுமே அப்படித்தான் பேசியிருக்கிறாள், அந்த முதல் நாளைத் தவிர.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நான் தொவைக்கலாமான்னு கேட்டேன். நீங்க தொடங்குங்கன்னு சொன்னீங்க. தொவைங்கன்னு சொல்லல. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"பின்ன ஏன் மறுநாள் மூட்டைய தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்க திருத்திச் சொல்லமாட்டீங்கன்னு தோணுச்சு" என்றாள். "திருத்திச் சொல்ற ஆள் மாதிரி இல்லையே நீங்க."

என்னை இவ்வளவு துல்லியமாகப் படித்தவர்கள் என் பள்ளிக்கூடத்திலேயே யாரும் இல்லை. எனக்குக் கோபம் வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

காது மிஷின் மாட்டிக்கொள்ளமாட்டேன் என்று சில நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன். வயதானவன் மாதிரித் தெரியும் என்றேன். "தெரியிறது என்ன, வயசு ஆயிடுச்சே" என்றாள் மனைவி. இந்த முறை குளிக்கப் போகமுடியவில்லை, ஏற்கெனவே குளித்திருந்தேன். கடைசியில் மாட்டிக்கொண்டேன்.

உலகம் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. காகிதம் கத்துகிறது. செருப்பு கத்துகிறது. ஸ்பூன், தட்டு, கதவு, எல்லாம் கத்துகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கத்தியவன் ஒருவன் இருந்தான். வகுப்பில் வாயைத் திறந்து "எல்லாரும் புத்தகத்த எடுங்க" என்றேன். நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யார் இப்படிக் கத்துவது என்று. அப்பாவிப் பிள்ளைகள் இத்தனை வருடம் இதையா கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

அன்றைக்கு நான் கரும்பலகையில் ஆற்றை வரைந்துகொண்டிருந்தபோது, வலது பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஒலிபெருக்கிக்கு இன்னைக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா, சத்தமே வரல" என்று கிசுகிசுத்தது. நல்ல நகைச்சுவை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வகுப்பு அப்படியே உறைந்தது. வலது பக்கம் பேசினால் எனக்குக் கேட்காது என்பது அந்தப் பள்ளியில் வழிவழியாக வந்த ரகசியமாம். அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்களாம். அன்றோடு அந்தச் செல்வம் அழிந்தது. மறுவாரமே வகுப்பில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

மாலை அறைக்குப் போனபோதுதான் வேறு ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் நான் என் குரலை அதன்மேல் போர்த்தி மூடியிருக்கிறேன். மூலையில் மீன்காரம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விரல் மரத்துப்போச்சுக்கா. கத்தி பிடிச்சா பிடிச்ச மாதிரியே தெரியல. நேத்து வெட்டுப்பட்டதுகூட ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அவகிட்ட சொல்லாத, படிப்ப விட்டுட்டு சந்தைக்கு வந்துருவா."

நான் எழுந்து போய் அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். பழக்கம் போகுமா? குளிர் நீர், நரம்பு, ரத்த ஓட்டம் என்று துருவப் பிரதேசம்வரை போய்விட்டேன். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் பேச்சு பாதியில் நின்றது. "நர்ஸ் உள்ளதான் இருக்காங்க. வாங்க, போலாம்" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நான் பேசிய மிகச் சிறிய உரை அதுதான். அவள் எழுந்து வந்தாள்.

நர்ஸ் கையைப் பார்த்ததும் மருத்துவமனைக்கு அனுப்பினார். வருடக்கணக்காக ஐஸிலும் கத்தியிலும் இருந்த கை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தது. சின்ன அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐஸில் கைவைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவள் கட்டுப்போட்ட கையோடு மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். பேச வாய் வரைக்கும் நிறைய வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன். வயிறு உப்பிவிட்டது.

தலைமையாசிரியை மேலிடத்தில் அலையாய் அலைந்து, மாலை அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர வேலை வாங்கினார். அந்த வேலையை மீன்காரம்மாவிடம் கொடுத்தார். அவள் பொறுப்பேற்றதும் செய்த முதல் காரியம், யார் எப்போது துவைப்பது என்று ஒழுங்குபடுத்தியது. இரண்டாவது காரியம், என் சொற்பொழிவை நிறுத்தியது. "சார், ஜனங்க வீட்டுக்குப் போயி சமைக்கணும்" என்றாள். நியாயமான பேச்சு. அவள் மகளுக்குச் சந்தை தெரியாமலே போயிற்று. அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் பாடத்தையல்ல, வேதியியல். புத்திசாலிப் பெண்.

நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகின்றன. விடைபெறும் விழாவில் பேசச் சொன்னார்கள். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதால் சீக்கிரம் முடித்துவிட்டேன். அன்று கிடைத்த கைதட்டல் நான் சீக்கிரம் முடித்ததற்குத்தான் என்பது எனக்குத் தெரியும், இப்போது கைதட்டல்கூட நன்றாகக் கேட்கிறது.

இன்னமும் வாரத்தில் சில மாலைகள் பள்ளிக்குப் போகிறேன். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிற பெரியவர்களுக்குச் சாலை விதிகளும் வரைபடமும் சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒரு தச்சர் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே எழுத்துத் தேர்வில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போனவர். மரச்சாமான்களைச் சொந்த வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று ஆசை. இடது, வலது மட்டும் அவருக்குக் குழம்பும். "சுத்தியல் பிடிக்கிற கை எது?" என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார். "அதுதான் வலது" என்றேன். அவர் இடக்கைப் பழக்கக்காரர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்துவிட்டார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நாளைக்கு அவருக்குத் தேர்வு. பயமாக இருக்கிறது, கூட வாங்க சார் என்றார். நானும் போகிறேன். "வாசல்லயே உக்காந்துருங்க. அவர் உள்ள போறதுக்கு முன்னாடி கடைசி நேர அறிவுரை எதுவும் சொல்லிடாதீங்க, பாவம்" என்கிறாள் மனைவி. சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அவரைவிட எனக்குத்தான் படபடப்பாக இருக்கிறது.